"கண்டுபிடிச்சிருவாங்களா?"

2021 சட்டமன்றத் தேர்தல் அன்று மதியத்துக்கு மேல், ஓட்டுப் போட வந்த ஒரு அம்மா என்னிடம் இப்படிக் கேட்டார். "யாருக்கும் தெரியாதும்மா" என்றேன். தேர்தல் பணிக்குப் போகும் எந்த ஆசிரியரும் இதைத்தான் சொல்லியிருப்பார். சரியான பதில் என்றுதான் இன்றும் நினைக்கிறேன். முழுப் பதிலா என்று கேட்டால் மட்டும் தயக்கமாக இருக்கிறது.

அவருக்கு எழுபது வயது இருக்கும். மறைப்புக்குள் போனவர் பட்டனை அமுக்காமல், "தம்பி, இங்க வாங்க" என்று கூப்பிட்டார். கொரோனாவுக்காகக் கொடுத்த பாலித்தீன் கையுறை அவர் கைக்குப் பெரிது, விரல் நுனிகள் காலியாகத் தொங்கிக்கொண்டிருந்தன. மறைப்புக்குள் நாங்கள் போகக் கூடாது. அவரை வெளியே அழைத்து, கட்சி ஏஜெண்டுகள் பார்க்க, மாதிரி அட்டையை வைத்து நீல பட்டனைக் காட்டினேன். சின்னமெல்லாம் அவருக்குத் தெரிந்தே இருந்தது. கேட்க நினைத்தது வேறு. குரலைத் தாழ்த்திக்கொண்டார்.

"வாங்கிட்டேன் சாமி. பால் மேல சத்தியம் பண்ணச் சொன்னாங்க. மாத்திப் போட்டா கண்டுபிடிச்சிருவாங்களா? முதியோர் பணத்த நிறுத்திருவாங்களா?"

ஏஜெண்டுகள் கைக்கெட்டும் தூரத்தில் உட்கார்ந்திருந்தார்கள். அவர்களுக்கும் கேட்கட்டும் என்றே சத்தமாகச் சொன்னேன்: "யாருக்குப் போட்டீங்கன்னு யாருக்கும் தெரியாதும்மா. உதவித்தொகை அரசாங்கப் பணம், எந்தக் கட்சியோட பணமும் இல்ல. உங்க விருப்பம்போல போடுங்க." ஒருவர் உடனே, "சார், இது உங்க வேலை இல்ல" என்றார். ஓட்டு ரகசியம் என்று சொல்வது என் வேலைதான் என்றேன். அந்த அம்மா உள்ளே போனார். பீப் சத்தம் கேட்டது. யாருக்குப் போட்டார் என்று எனக்குத் தெரியாது, தெரியவும் கூடாது.

அந்த ஏஜெண்ட் சொன்னதையும் நான் தள்ளிவிடவில்லை. வாக்குச்சாவடி அலுவலர் வாக்காளரிடம் எவ்வளவு குறைவாகப் பேசுகிறாரோ அவ்வளவு நல்லது. இன்னொன்றும் இருக்கிறது. ஓட்டுக்குப் பணம் கொடுப்பது மட்டுமல்ல, வாங்குவதும் குற்றம். அப்போதிருந்த தண்டனைச் சட்டத்தின் 171பி பிரிவு அதைத்தான் சொன்னது. ஓராண்டு வரை சிறை உண்டு. என் முன்னால் ஒருவர் அதைத் தன் வாயாலேயே சொன்னார். சாவடியில் நடப்பதைப் பதியும் அலுவலக டைரியில் நான் அதை எழுதவில்லை. எழுதியிருந்தால் மாட்டுவது அந்த அம்மாதான். சத்தியம் வாங்கியவர்கள் யாரென்று அவரும் சொல்லியிருக்கமாட்டார், நானும் கேட்டிருக்கமாட்டேன். இது நியாயமா, வசதிக்குச் சொல்லிக்கொள்ளும் சமாதானமா என்று பலமுறை யோசித்துவிட்டேன். நியாயம் என்ற பக்கமே மனம் சாய்கிறது.

பணத்தைவிட என்னை அதிகம் உறுத்துவது அந்த இரண்டாவது கேள்விதான். முதியோர் உதவித்தொகை இந்த மாநிலத்தில் 1962-இலிருந்து இருக்கிறது. எத்தனையோ ஆட்சிகள் மாறின, அது நிற்கவில்லை. 2021-இல் மாதம் 1,000 ரூபாய். ஆனால் மேடைக்கு மேடை "நான் கொடுத்தேன், நான் கொடுப்பேன்" என்று கேட்டுக் கேட்டு, தன் உரிமையை ஒருவர் போடும் பிச்சையாக அந்த அம்மா நம்பிவிட்டார். கொடுக்கிறவர் கோபித்துக்கொண்டால் நிறுத்திவிடுவார் என்ற பயம் அதன் பின்னாலேயே வருகிறது. நலத்திட்டங்கள் வேண்டாம் என்று சொல்கிற ஆள் இல்லை நான். என் வகுப்புப் பிள்ளைகள் பலர் சத்துணவுக்கும் சைக்கிளுக்கும் வந்து படித்தவர்கள். அந்தத் திட்டங்களுக்கு ஒரு தலைவரின் முகத்தை ஒட்டி, மக்களைக் கடன்பட்டவர்களாக உணரவைப்பதைத்தான் தாங்க முடியவில்லை. ஓட்டுக்குக் கொடுக்கும் 500 ரூபாயும் பால் சத்தியமும் அந்தக் கடனுக்கு எழுதி வாங்கும் சீட்டு மாதிரி.

பணம் பரவியதற்காக ஆர்.கே. நகர் இடைத்தேர்தலை 2017 ஏப்ரலில் ரத்து செய்தார்கள். 2019-இல் வேலூர் மக்களவைத் தேர்தலையும் ரத்து செய்தார்கள். அப்புறம் நடத்தியும் முடித்தார்கள். பணத்தைப் பிடிக்கலாம், பறக்கும் படை போடலாம். அந்த அம்மாவின் பயத்தைப் பிடிக்க எந்தப் படையும் இல்லை.

என் பதில் முழுசானதா என்ற சந்தேகம் 2024 ஜூன் 4-ஆம் தேதி வாக்கு எண்ணும் பணியில் இருந்தபோது வந்தது. கம்பி வலைக்கு அந்தப் பக்கம் ஏஜெண்டுகள். எங்கள் மேசையில் வாக்கு இயந்திரத்தின் கண்ட்ரோல் யூனிட்டில் ரிசல்ட் பட்டனை அமுக்கியதும், எந்தச் சாவடியில் யாருக்கு எத்தனை என்று ஒவ்வொரு எண்ணாகக் குறித்துக்கொண்டார்கள். ஒருவர், சாவடியில் பதிவான ஓட்டுக் கணக்கைக் காட்டும் 17சி படிவத்தின் நகலோடு ஒப்பிட்டுப் பார்த்துவிட்டு, பக்கத்தில் இருந்தவரிடம், "இந்தத் தெரு நம்மள ஏமாத்திருச்சு" என்றார். அந்த நகலில் கையெழுத்திட்டுக் கொடுப்பது என்னைப் போன்ற ஒரு வாக்குச்சாவடித் தலைமை அலுவலர்தான். மோசடியைத் தடுக்க அந்த நகல் அவசியம். அதே முறை, ஒரு தெரு யாருக்குப் போட்டது என்பதையும் காட்டிக்கொடுக்கிறது.

வாக்குச்சீட்டு இருந்த காலத்தில், எண்ணுவதற்கு முன் பல சாவடிகளின் சீட்டுகளைக் கலக்க விதியில் இடமிருந்தது. இயந்திரம் வந்த பிறகு அது போய்விட்டது. பல இயந்திரங்களை இணைத்து மொத்தக் கணக்கு மட்டும் காட்டும் டோட்டலைசர் என்ற கருவியைத் தேர்தல் ஆணையம் 2008-லேயே முன்மொழிந்தது. 2015-இல் சட்ட ஆணையமும் தன் 255-ஆவது அறிக்கையில் பரிந்துரைத்தது. மத்திய அரசு ஏற்கவில்லை. சாவடிவாரியான கணக்கு இருந்தால் எங்கே பலவீனம் என்று கட்சிகள் தெரிந்துகொண்டு அங்கே வேலை செய்யும் என்பது எதிர்வாதம். அந்த அம்மாவின் தெருவில் நின்று பார்த்தால் இந்த வாதம் எனக்குப் பயமாக இருக்கிறது.

ஆக, தனி ஆளாக அவரை யாரும் கண்டுபிடிக்க முடியாது. அவர் தெருவைக் கண்டுபிடிக்கலாம். தண்ணீர்த் தொட்டியும் சாலையும் தெருவுக்குத்தானே வருகின்றன, தனி ஆளுக்கா வருகின்றன?

இதை அன்றே விளக்கியிருந்தால் அவர் பயந்து, பணம் கொடுத்தவர்களுக்கே போட்டிருப்பார். பாதியைச் சொன்னதால்தான் அந்த மறைப்புக்குள் ஒரு நிமிடமாவது தன் இஷ்டப்படி நின்றிருப்பார். ஒரு பயிற்சி வகுப்பில் இந்தக் கேள்வியை எழுப்பினேன். "ரகசியம்னு சொல்லுங்க சார், அதுக்கு மேல பேசாதீங்க" என்றார் மண்டல அலுவலர். அடுத்த தேர்தலிலும் யாராவது கேட்டால் அதைத்தான் சொல்வேன். டோட்டலைசர் வரும்வரை அதைச் சொல்வதில் எனக்குச் சங்கடம் இருக்கத்தான் செய்யும்.