கீபோர்டில் சீரியல் செட்

கேமிங் லேப்டாப் வாங்கியதும் முதல் இரண்டு நாள் விளையாடவே இல்லை. கீபோர்டு விளக்குக்கு வண்ணம் மாற்றிக்கொண்டே இருந்தேன். வானவில் அலை, மூச்சு விடுவது போல மங்கி ஒளிர்வது எல்லாம் போட்டுப் பார்த்தாயிற்று. அம்மா எட்டிப் பார்த்து, "என்னடா, கல்யாண வீட்டு சீரியல் செட் மாதிரி இருக்கு" என்றார். கடைசியில் கேமில் ஆளை நகர்த்தும் டபிள்யூ, ஏ, எஸ், டி நான்கு கீக்கும் ஆரஞ்சு, மற்றதெல்லாம் மங்கலான வெள்ளை. இருட்டிலும் விரல் சரியாகப் போய் உட்காருகிறது.

அப்புறம்தான் தலைவலி. லேப்டாப்போடு வந்த 512 ஜிபி சேமிப்பிடத்தை விண்டோஸ் 476 என்றுதான் காட்டும். 100 ஜிபியைத் தாண்டும் கேம் நான்கு போட்டால் கதை முடிந்தது. இன்னொரு எஸ்எஸ்டி (சேமிப்பு டிரைவ்) போடலாம் என்று சென்னை ரிச்சி தெருவுக்குப் போனால், ஒரு கடைக்காரர் விலை குறைவு என்று எம்.2 வடிவத்தில் சாட்டா என்ற பழைய வகை எஸ்எஸ்டியை நீட்டினார். நல்லவேளை, கையேட்டைப் பார்த்துவிட்டுப் போயிருந்தேன்: லேப்டாப்பில் உள்ள காலி ஸ்லாட் என்விஎம்இ என்ற வேகமான வகையை மட்டும்தான் ஏற்கும். பார்க்க இரண்டும் சூயிங்கம் பட்டை போலத்தான். ஆனால் சாட்டா நொடிக்குச் சுமார் 550 எம்பியோடு நின்றுவிடும், ஜென் 3 (மூன்றாம் தலைமுறை) என்விஎம்இ 3,500 வரை போகும். கேம் திறக்கும்போது அந்த ஆறு மடங்கும் கண்ணுக்குத் தெரியாது என்பது வேறு விஷயம். அதனால்தான் இன்னும் வேகமான ஜென் 4க்குக் கூடுதல் காசு கொடுக்காமல் 1 டிபி ஜென் 3 எடுத்தேன்.

பொருத்தும்போது துளியூண்டு திருகு ஒன்று கட்டிலடியில் உருண்டுவிட்டது. இத்தனை கலர் விளக்கு இருந்தும், தேட அம்மாவின் டார்ச்தான் வந்தது.