காலாவதியான கார் சீட்

பரண்ல கிடந்த பாப்பாவோட கார் சீட்டை இறக்கினேன். பக்கத்து வீட்டு ஆன்ட்டி, "எங்க பேரனுக்குக் குடுத்துடேன்பா"ன்னாங்க. கவிழ்த்துப் பார்த்தா அடியில பிளாஸ்டிக்லயே அச்சு: 2017-ல தயாரிச்சது, 2024 வரைக்கும்தான். போதாக்குறைக்கு சென்னை வெயில்ல காருக்குள்ள வருஷக்கணக்கா வெந்திருக்கு. பார்க்க என்னவோ புதுசு மாதிரிதான் இருக்கு, அதான் வம்பே.

"மருந்துக்குதான் எக்ஸ்பைரி, சீட்டுக்குமா?" வெயில்லயும் வயசுலயும் பிளாஸ்டிக் பலம் இழந்துடும், மோதினா தாங்காதுன்னு ஆன்ட்டிக்கு விளக்கி முடிக்கிறதுக்குள்ள காபி ஆறிப்போச்சு.

அப்படியே காயலான் கடைக்குப் போட்டா, துடைச்சு யாருக்காவது வித்துடுவாங்க. அதனால உறையைக் கழட்டிட்டு, பெல்ட்டையெல்லாம் அறுத்தேன் (கத்தரிக்கோல் தோத்து, கடைசியில அரிவாள்மனைதான் கைகொடுத்துச்சு). சீட்டோட பிளாஸ்டிக் கூடு மேல மார்க்கர்ல 'உபயோகிக்காதீங்க'ன்னு கொட்டை எழுத்துல எழுதினேன். கம்பி தனி, பிளாஸ்டிக் தனி. எடைக்கு 40 ரூபாய்.

பக்கிளை மட்டும் பாப்பா தரமாட்டேங்குறா. பொம்மைக்கு வேணுமாம்.