தூக்கணாங்குருவியின் பெட்டை எதைப் பார்த்துக் கூட்டைத் தேர்கிறது?

கடலூருக்கும் புதுச்சேரிக்கும் நடுவே பாகூர் ஏரியைச் சுற்றியுள்ள வயல்வெளிப் பனைகளில், நெற்பயிர் பச்சை கட்டும் மாதங்களில் தூக்கணாங்குருவிக் கூடுகள் தொங்கத் தொடங்கும். அந்தக் குருவியைப் பற்றி நம்மிடையே வழங்கும் பேச்செல்லாம் அதன் பின்னல் திறனைப் பற்றியதாகவே இருக்கிறது. கற்றுக்கொடுக்க ஆளில்லாமல் இத்தனை நேர்த்தியாகப் பின்னுகிறதே என்று வியப்போம். குரங்குக்குப் புத்தி சொல்லிக் கூட்டை இழந்த கதையைப் பிள்ளைகளுக்குச் சொல்லுவோம். கூட்டுச் சுவரில் ஈரமண்ணை அப்பி அதில் மின்மினியை ஒட்டி விளக்கு வைத்துக்கொள்ளும் என்பதையும் சேர்த்துக்கொள்வோம். மண்ணை அப்புவது உண்மை, மின்மினி விளக்கு கற்பனை. ஆனால் இந்த வியப்பில் ஒரு கேள்வி விட்டுப்போகிறது. ஒரே பனையில் முழுமையான கூடுகளோடு பாதியில் நின்ற கூடுகளும் அத்தனை தொங்குகின்றனவே, அவற்றை யார், யாருக்காகக் கட்டி, ஏன் கைவிட்டார்கள்?

கட்டுவது ஏறக்குறைய முழுவதும் ஆணே. இனப்பெருக்கக் காலத்தில் அதன் உச்சந்தலை பளிச்சென்ற மஞ்சளாகவும் முகம் கருமையாகவும் மாறியிருக்கும். பெட்டையோ பார்வைக்கு ஏறத்தாழ ஊர்க்குருவியைப் போலவே இருக்கும். ஆண் குருவி பனையோலையிலோ நெற்தாளிலோ கரும்புத் தோகையிலோ ஓர் ஓரத்தைக் கடித்துப் பிடித்துக்கொண்டு பறக்க, அந்த வேகத்தில் நார் நீளமாகக் கிழிந்து வந்துவிடும். ஒரு முழுக் கூட்டுக்கு இப்படி ஐந்நூறு முறை வரை பறந்து போய்வர வேண்டியிருக்கும் என்று கணக்கிட்டிருக்கிறார்கள்; வேலை முடியச் சுமார் 18 நாள் ஆகும். இதில் கவனிக்க வேண்டிய கட்டம், முட்டை அறையின் கூரை உருவாகி, கீழ்ப்பக்கம் இன்னும் திறந்தே இருக்கும் நிலை. கவிழ்த்த தலைக்கவசம் போலத் தோன்றும் அந்தக் கட்டத்தோடு ஆண் வேலையை நிறுத்திவிட்டு, கூட்டைப் பற்றித் தொங்கியபடி சிறகடித்துக் கத்திப் பெட்டைகளை அழைக்கத் தொடங்குகிறது. பெட்டைகள் வந்து உள்ளே நுழைந்து, சுற்றிப் பார்த்து, நாரை அலகால் இழுத்தும் பார்க்கின்றன. ஏதாவது ஒன்று ஏற்றுக்கொண்டால்தான் முட்டை அறை மூடப்பட்டு, நீண்ட நுழைவுக் குழல் இறங்கும். எதுவும் ஏற்காத கூடு அப்படியே பாதியில் நின்றுவிடுகிறது. பனையில் நாம் காணும் அரைகுறைக் கூடுகளில் பெரும்பாலானவை இவ்வாறு மறுக்கப்பட்டவை.

இதை முறையாகக் கண்டு எழுதியவர் சாலிம் அலி. அந்தக் காலத்து விளக்கம் ஒன்று, பாதிக் கூடுகள் ஆண் குருவி மழைக்கு ஒதுங்கவும் ஆடிக் களிக்கவும் கட்டிக்கொண்டவை என்று சொல்லிவந்தது; கணவன் வெளித்திண்ணையில், மனைவி உள்ளறையில் என்ற நம் குடும்ப ஏற்பாட்டைக் குருவிக்கும் பொருத்திவிட்ட விளக்கம் அது. 1930-இல் ஜெர்மனியிலிருந்து திரும்பிய சாலிம் அலிக்கு, பம்பாய் அருங்காட்சியகத்தில் இருந்த வேலை இல்லாமல் போயிருந்தது. பம்பாய்க்கு எதிர்க்கரையில் உள்ள கிஹிம் என்ற கடலோரச் சிற்றூருக்குக் குடிபோன அவர், அங்கே கூட்டமாகக் கட்டியிருந்த தூக்கணாங்குருவிகளைத் தொடர்ந்து கவனித்து, அவற்றின் குடும்ப வாழ்வைப் பற்றிய புதிய விளக்கத்தைப் பம்பாய் இயற்கை வரலாற்றுக் கழகத்தின் இதழில் வெளியிட்டார். ஒரு பெட்டை கூட்டை ஏற்று முட்டையிட்டதும், ஆண் பக்கத்திலேயே அடுத்த கூட்டைத் தொடங்கி அடுத்த பெட்டையை அழைக்கிறது. அடைகாப்பது அந்த முதல் பெட்டையின் பொறுப்பு, குஞ்சுக்கு இரை ஊட்டுவதிலும் பெரும்பங்கு அதனுடையதே. ஆகவே ஒரு பருவத்தில் ஓர் ஆணுக்கு ஒன்றன்பின் ஒன்றாகப் பல துணைகள் அமையலாம். வேலையில்லாத ஒருவர், பெரிய கருவி எதுவும் இல்லாமல், பொறுமையை மட்டும் முதலாகப் போட்டுச் செய்த இந்த வேலை, இந்தியப் பறவையியலில் இன்றும் முன்மாதிரியாக நிற்கிறது என்பது என் மதிப்பீடு.

பெட்டை எதைப் பார்த்துத் தேர்கிறது என்பது இதன் அடுத்த கேள்வி. ஆண் இத்தனை பாடுபட்டுப் பின்னுவதைக் கண்டால் பின்னலின் நேர்த்திதான் பரிசு பெறும் என்று எவரும் நினைப்பார்கள். சுஹேல் குவாதர் என்ற இந்திய ஆய்வாளர் 2005, 2006 ஆண்டுகளில் வெளியிட்ட ஆய்வுகள் வேறொரு விடையைத் தந்தன. கூட்டின் கட்டமைப்பைவிட, அது தொங்கும் இடமே பெட்டையின் முடிவை அதிகம் தீர்மானிக்கிறது. மரத்தில் உயரமாகவும் தடித்த கிளையிலும் அமைந்த கூட்டுக்கு முன்னுரிமை கிடைக்கிறது. காகமும் பாம்பும் எலியும் முட்டைக்குக் காத்திருக்கும் உலகில் இது பொருத்தமான முடிவுதான். எவ்வளவு அழகாகப் பின்னினாலும், காற்றுக்கு ஒடியும் கிளையிலோ பாம்புக்கு எட்டும் உயரத்திலோ தொங்கும் கூட்டில் குஞ்சு தப்புவது அரிது. கிணற்றின் மேலும் நீரின் மேலும் கவிந்த கிளைகளில், முள் நிறைந்த கருவேல மரங்களில், ஏறுவதற்கு எளிதில் இடங்கொடாத பனைகளில் இக்குருவிகள் குவிவதையும் இதோடு சேர்த்துப் படிக்க வேண்டும். நாம் மெச்சும் கைத்திறன் பெட்டையின் கணக்கில் இரண்டாம் இடத்துக்குப் போய்விடுகிறது என்பதை ஏற்க எனக்குச் சிறிது வருத்தமாகவே இருந்தது.

ஒரே ஆணுக்குப் பல துணை என்ற ஏற்பாடு ஏன் இந்த இனத்தில் வந்தது என்பதற்கு ஜான் குரூக் என்ற ஆங்கிலேய ஆய்வாளர் 1964-இல் வெளியிட்ட ஒப்பீட்டாய்வு நல்ல விடை தருகிறது. தூக்கணாங்குருவிக் குடும்பத்தின் ஏறத்தாழ 90 இனங்களை ஒப்பிட்ட அவர், அடர்ந்த காட்டில் பூச்சி தின்று வாழும் இனங்கள் பெரும்பாலும் தனித்தனி ஜோடிகளாகவும், திறந்த புல்வெளியில் தானியம் தின்று வாழும் இனங்கள் கூட்டமாகவும் பல துணைகளோடும் வாழ்வதைக் காட்டினார். காட்டில் பூச்சி சிதறிக் கிடப்பதால் தாயும் தந்தையும் சேர்ந்து உழைத்தால்தான் குஞ்சு பிழைக்கும். புல்வெளியிலோ மழைக்குப்பின் உணவு ஓரிடத்தில் குவிந்து கிடைக்கிறது, பாதுகாப்பான மரமோ குறைவு. எனவே எல்லாரும் ஒரே மரத்தில் நெருங்கிக் கட்ட வேண்டியதாகிறது, தாய் ஒருத்தியே குஞ்சுகளை வளர்க்கவும் முடிகிறது. அப்போது நல்ல இடத்தைப் பிடித்த ஆணுக்கு அடுத்த கூடு கட்ட நேரம் மிஞ்சுகிறது. பாகூர் வயலையும் அதன் நடுவே அங்கங்கே நிற்கும் பனைகளையும் மனதில் வைத்துக்கொண்டு இதைப் படித்தால் தனியாக விளக்கம் தேவைப்படாது.

உடலுக்குள் நடப்பது இன்னொரு கதை. பருவம் வந்ததும் ஆண் பறவைகளின் விரைகள், பல இனங்களில் நூறு மடங்குக்கும் மேலாகப் பெருத்து, பருவம் முடிந்ததும் மீண்டும் சுருங்கிவிடுகின்றன. பறக்கும் உயிருக்கு ஆண்டு முழுவதும் அந்தச் சுமை தேவையில்லை. தூக்கணாங்குருவியின் மஞ்சள் இறகும் அந்த விரைகளின் சுரப்பால் வருவதாகத்தான் முதலில் தோன்றும். ஆனால் எமில் விட்ஷி என்பவர் ஆப்பிரிக்கத் தூக்கணாங்குருவி இனங்களில் செய்த சோதனைகளில், இறகின் நிறத்தை மாற்றுவது மூளைக்கு அடியில் உள்ள பிட்யூட்டரி சுரப்பியின் ஹார்மோன் என்று தெரியவந்தது. அந்த ஹார்மோன் ஒரு மாதிரியில் உள்ளதா என்று அறிய இக்குருவியின் இறகையே சோதனைப் பொருளாக வைத்துக்கொண்ட காலமும் இருந்தது. பனாரஸ் இந்துப் பல்கலைக்கழகத்தில் தப்லியாலும் உடன் பணியாற்றியோரும் நம் நாட்டுத் தூக்கணாங்குருவியின் இறகு நிறத்தையும் இனப்பெருக்கச் சுழற்சியையும் 1960-களில் ஆராய்ந்தார்கள்.

கூட்டைப் பார்த்து உறவைச் சொல்லிவிட முடியாது என்பதைப் பறவையியல் தாமதமாகத்தான் ஏற்றது. அமெரிக்காவின் ஒஹாயோவில் ஐந்து பெண் பிள்ளைகளை வளர்த்துக்கொண்டே ஆய்வு செய்த மார்கரெட் மோர்ஸ் நைஸ், 1928 முதல் பாடும் சிட்டுகளின் கால்களில் வண்ண வளையங்களை மாட்டி, ஒவ்வொரு பறவையையும் தனியாளாகப் பின்தொடர்ந்தார். இந்தப் பறவை வேறு, அந்தப் பறவை வேறு என்று தெரிந்த பிறகுதான் யாருக்கு யார் துணை என்ற கேள்விக்கே பொருள் வந்தது. அதன் பிறகும் 1968-இல் ஆங்கிலேயப் பறவையியலாளர் டேவிட் லாக், பறவை இனங்களில் 90 சதவீதத்துக்கு மேல் ஒரு துணையோடு வாழ்பவை என்று எழுதினார். ஜோடியாகக் கூடு காப்பதைப் பொறுத்தவரை அது சரிதான். 1985-இல் அலெக் ஜெஃப்ரிஸ் வெளியிட்ட டி.என்.ஏ. ரேகை முறையை இரண்டே ஆண்டுகளில் ஊர்க்குருவிகளிடம் பயன்படுத்திப் பார்த்தபோது, கூட்டைக் காக்கும் ஆண் எல்லாக் குஞ்சுக்கும் தந்தை அல்ல என்று தெரிந்தது. பல இனங்களைத் தொகுத்து 2002-இல் வெளிவந்த ஆய்வு, ஜோடியாக வாழும் பறவைகளின் குஞ்சுகளில் சராசரியாகப் பத்தில் ஒன்றுக்குச் சற்று மேல் வேறு ஆணுக்குப் பிறந்தவை என்று காட்டியது. ஆஸ்திரேலியாவின் நீலச் சிறுகுருவி ஒன்றில் அது நான்கில் மூன்று பங்கு. இவற்றுக்குப் பத்திரிகைகள் போடும் கள்ளக்காதல் தலைப்புகள் எனக்கு உவப்பாக இல்லை. திண்ணைக் கணவன் விளக்கத்தில் நடந்த தவறேதான் அவற்றிலும் நடக்கிறது.

பெட்டையின் உடலமைப்பும் இதற்கு இடம் தருகிறது. அதன் கருக்குழாயில் விந்தணுக்களைச் சேமித்து வைக்கும் நுண்குழல்கள் உண்டு. சேவலைப் பிரித்துவிட்ட பிறகும் பெட்டைக்கோழி இரண்டு வாரம் வரை பொரிக்கும் முட்டை இடுவதை நம் ஊரில் கோழி வளர்ப்பவர்கள் நன்கறிவார்கள். வான்கோழியில் அது பத்து வாரம் வரைகூட நீளும்.

இதற்கு நேர்மாறான ஏற்பாட்டைப் பார்க்க நாம் ஆஸ்திரேலியா போக வேண்டியதில்லை, ஊசுட்டேரிக்குப் போனால் போதும். புதுச்சேரி அரசு 2008-இல் பறவைகள் சரணாலயமாக அறிவித்த அந்த ஏரியின் மிதக்கும் இலைகளின் மேல், நீண்ட விரல்களைப் பரப்பி நடக்கும் நீளவால் இலைக்கோழியைக் காணலாம். இதில் பெட்டையே பெரியது. அது நான்கு முட்டைகளை இட்டு ஓர் ஆணிடம் ஒப்படைத்துவிட்டு அடுத்த ஆணைத் தேடிப் போகிறது. ஆண் 26 முதல் 28 நாள் அடைகாத்துப் பொரித்துக் குஞ்சுகளைக் காக்கிறது. நீர்மட்டம் ஏறினாலும் முட்டை தின்னிகள் வந்தாலும் கூடு எளிதில் அழியும் சூழலில், விரைவாக அடுத்த ஈட்டு முட்டையைத் தரக்கூடிய பெட்டை அடைகாப்பதில் கட்டுண்டு கிடக்காமல் இருப்பது ஆணுக்கும் ஆதாயம்தான் என்பது இதற்குச் சொல்லப்படும் விளக்கங்களுள் ஒன்று.

மீண்டும் பனைக்கு வருகிறேன். பெட்டை இடத்தைப் பார்த்தே தேர்கிறது என்றால், நான்குவழிச் சாலைக்காகவும் செங்கல் சூளைக்காகவும் பனைகள் சாயும்போது குருவி இழப்பது அதன் இனப்பெருக்கத்தில் எல்லாவற்றுக்கும் முந்திய பொருளை. நார் வேறு பயிரில் கிடைக்கும், உயரமான உறுதியான தொங்கலிடம் அப்படிக் கிடைக்காது. பனையை வெட்ட மாவட்ட ஆட்சியரின் அனுமதி வேண்டும் என்று தமிழ்நாட்டின் 2021 வேளாண் நிதிநிலை அறிக்கை சொன்னது நல்ல முடிவு.

பறவையைப் பிடித்து வளையம் மாட்ட வனத்துறையின் அனுமதி வேண்டும். ஆனால் கீழே நின்று கூடு எண்ண எவருடைய அனுமதியும் தேவையில்லை. முழுக் கூடு எத்தனை, பாதியில் நின்றது எத்தனை, எந்த மரம், அடியில் தண்ணீர் உண்டா என்று குறித்துக்கொண்டாலே மறுக்கப்பட்ட இடத்துக்கும் ஏற்கப்பட்ட இடத்துக்கும் உள்ள வேறுபாடு நம் ஊர் அளவில் தெரியவரும். இன்னொன்றையும் சேர்த்துக் குறிப்பது நல்லது. தென்மேற்குப் பருவக்காற்றுக்கு மறைவாக மரத்தின் கிழக்குப் பக்கத்தில் இவை கூடு கட்டுவதாக நூல்கள் சொல்கின்றன. நம் சோழமண்டலக் கரைக்கோ ஐப்பசி, கார்த்திகையில் பெருமழை வடகிழக்கிலிருந்து வருகிறது. அந்த மாதங்களிலும் குஞ்சு இருக்கும் கூடுகள் எந்தப் பக்கம் தொங்குகின்றன என்று கடலூர், பாகூர்ப் பக்கத்து நண்பர்கள் திசையோடு குறித்து அனுப்பினால், அடுத்த பதிவில் அவற்றை ஒன்றாகத் தொகுத்துத் தருகிறேன்.