கலிஃபோர்னியாவில் உயர்நிலைப் பள்ளிப் பாடங்களைத் திட்டமிடுதல்

கலிஃபோர்னியாவின் பெரும்பாலான உயர்நிலைப் பள்ளிகளில் அடுத்த கல்வியாண்டுக்கான பாடங்களைக் குளிர்காலம் முடிவதற்குள் தேர்ந்தெடுக்கச் சொல்லிவிடுவார்கள். படிவம் கைக்கு வந்த பிறகு யோசித்தால், நண்பர்கள் எடுக்கும் பாடங்களையே நம் பிள்ளையும் எடுக்கும் நிலைதான் வரும். எங்கள் வீட்டில் எட்டாம் வகுப்பு முடியும் முன்பே, பன்னிரண்டாம் வகுப்பில் தொடங்கிப் பின்னோக்கி நான்கு ஆண்டுகளையும் ஒரு தாளில் எழுதிவைத்து, ஆண்டுதோறும் அதைத் திருத்திக்கொண்டோம்.

முதலில் எழுதவேண்டியது கணிதம். அல்ஜீப்ரா 1, ஜியோமெட்ரி, அல்ஜீப்ரா 2, பிரீகால்குலஸ், கால்குலஸ் என்ற வரிசையில் ஒன்றை முடித்தால்தான் அடுத்ததற்குப் போக முடியும் என்பதால், ஒன்பதாம் வகுப்பில் அல்ஜீப்ரா 1 எடுப்பவர் ஆண்டுக்கு ஒன்றாகப் படித்தால் கால்குலஸைத் தொடாமலேயே பள்ளியை முடிப்பார். பொறியியலை நாடும் பிள்ளைக்கு இது முக்கியம். இடையே ஒரு பாடத்தைக் கோடை வகுப்பில் முடிக்கலாம் என்றாலும், ஓர் ஆண்டுப் பாடத்தைச் சில வாரங்களில் படிப்பது அடித்தளம் உறுதியாக உள்ளவர்களுக்கே ஏற்றது.

அடுத்து, கலிஃபோர்னியா பல்கலைக்கழகம் சேர்க்கைக்குக் கேட்கும், A முதல் G வரையான ஏழு பிரிவுகள் கொண்ட ஏ-ஜி பாடங்கள். வரலாறு 2, ஆங்கிலம் 4, கணிதம் 3, அறிவியல் 2, வேற்றுமொழி 2, கலை 1, விருப்பப் பாடம் 1 என மொத்தம் 15 ஆண்டுப் பாடங்களில் 'சி' அல்லது அதற்கு மேற்பட்ட தரம் வேண்டும். அவற்றில் 11 பாடங்களைப் பதினோராம் வகுப்புக்குள் முடித்திருக்க வேண்டும். தமிழ்ப் பள்ளிப் படிப்பை வேற்றுமொழிக் கணக்கில் ஏற்கும் கல்வி மாவட்டங்களும் உள்ளன; உங்கள் மாவட்டத்தில் எப்படி என்று, பாடத் தேர்வில் வழிகாட்டும் பள்ளிக் கவுன்சிலரிடம் முன்கூட்டியே கேளுங்கள்.

பெற்றோர் அதிகம் அஞ்சுவது, பள்ளியிலேயே கல்லூரித் தரத்தில் நடத்தப்படும் ஏ.பி. பாடங்களின் எண்ணிக்கையைப் பற்றித்தான். இந்தப் பல்கலைக்கழகம் சேர்க்கைத் தகுதிக்கான ஜி.பி.ஏ.யை, அதாவது தரங்களின் சராசரிப் புள்ளியை, பத்தாம், பதினோராம் வகுப்புத் தரங்களைக் கொண்டு கணக்கிடும்போது, ஏ.பி. பாடங்களுக்கும் ஹானர்ஸ் எனப்படும் உயர்நிலைப் பாடங்களுக்குமான கூடுதல் புள்ளியை எட்டு செமஸ்டர்களுக்கு மட்டுமே தருகிறது. அவற்றிலும் பத்தாம் வகுப்பிலிருந்து நான்குக்கு மேல் சேராது. கடினமான பாடங்களை எடுத்தாரா என்பதையும் மதிப்பீட்டில் பார்க்கிறார்கள் என்பது உண்மையே. ஆயினும் தூக்கத்தைப் பறிகொடுத்து எடுக்கும் ஆறாவது ஏ.பி. பாடம், மற்ற ஐந்தின் தரத்தையும் கீழே இழுத்துவிடுமானால் அதனால் பயனில்லை என்பதே என் உறுதியான கருத்து.

ஆகவே எண்ணிக்கையைப் பார்க்காமல் வீட்டில் ஆகும் நேரத்தைப் பாருங்கள். ஏ.பி. அமெரிக்க வரலாறு நிறைய வாசிக்கவும் எழுதவும் வைக்கும், ஏ.பி. வேதியியலில் கணக்குகளும் ஆய்வக அறிக்கைகளும் மிகுதி. பதினோராம் வகுப்பில் இவ்விரண்டோடு ஏ.பி. ஆங்கிலமும் சேர்ந்தால், மே மாதத் தேர்வுகள் நெருங்கும்போது பிள்ளைக்கு மூச்சுவிட நேரமிருக்காது. அப்பாடங்களைச் சென்ற ஆண்டு அதே பள்ளியில் படித்த மாணவர்களிடம், வாரத்துக்கு எத்தனை மணி நேரம் ஆனது என்று கேட்டுப் பாருங்கள். விளையாட்டு, இசை, தூக்கம் ஆகியவற்றுக்கான நேரத்தையும் அதே தாளில் எழுதுங்கள்.

பன்னிரண்டாம் வகுப்பைத் தளர்வாக விட்டுவிடாதீர்கள். அவ்வாண்டு படிக்கும் பாடங்களையும் விண்ணப்பத்தில் குறிப்பிட வேண்டும். பின்னர் ஒரு பாடத்தை விட்டாலோ 'டி' தரம் வாங்கினாலோ அதைப் பல்கலைக்கழகத்துக்கு உடனே தெரிவித்தாக வேண்டும்.