யானைக்குப் பிந்தைய வாரங்கள்

வரலாற்று மனிதர்களைப் பற்றிய திரைத்தொடர்களுக்குத் தரவு திரட்டித் தருவது என் வேலை. கதை விவாதத்தின்போது தேதிக்கும் ஆதாரத்துக்கும் என்னைத்தான் கேட்பார்கள். அவற்றைச் சரிபார்ப்பது பெரிய சிரமமில்லை. விறுவிறுப்பு இல்லை என்று வெட்டப்படும் நாட்களைக் காப்பாற்றுவதுதான் இந்தத் தொழிலின் உண்மையான பாடு.

பாரதியின் வாழ்க்கைத் தொடருக்குக் கடைசிப் பகுதியைப் பேசியபோது, அனைவர் மனத்திலும் ஒரே காட்சிதான் இருந்தது. திருவல்லிக்கேணி பார்த்தசாரதி கோயில் யானை அவரைத் தள்ளுகிறது, நண்பர் குவளைக் கண்ணன் பாய்ந்து தூக்குகிறார், அடுத்த ஷாட்டில் பாடை. யானை அடித்துத்தான் பாரதி இறந்தார் என்று சிறுவயது முதல் கேட்டு வளர்ந்தவர்களுக்கு இதில் பிழை இருப்பதாகவே தோன்றுவதில்லை. ஆனால், அவர் அந்தக் காயத்திலிருந்து தேறினார். சுதேசமித்திரன் நாளிதழ் அலுவலகத்துக்கு வேலைக்குப் போனார். 1921 ஜூலை இறுதியில் ரயிலேறி ஈரோட்டுக்குச் சென்று, கருங்கல்பாளையம் வாசகசாலையில் மனிதனுக்கு மரணமில்லை என்ற பொருளில் பேசினார். அந்தப் பயணத்தைப் பற்றிச் சுதேசமித்திரனில் தாமே எழுதவும் செய்தார். அவருடைய உயிரைப் பறித்தது செப்டம்பரில் வந்த வயிற்றுக்கடுப்பு. உடல் ஏற்கெனவே தளர்ந்திருந்ததற்கு யானையும் ஒரு காரணமாக இருக்கலாம். ஆனால் காரணங்களில் ஒன்று என்பதும் கொன்றது என்பதும் ஒன்றல்ல.

முப்பத்தெட்டு வயதில், மெலிந்த உடம்போடு ஒரு கவிஞர் சிறிய வாசகசாலையில் நின்று மரணத்தை மறுத்துப் பேசுகிறார். எந்தக் கற்பனையும் சேர்க்காமல் கிடைக்கும் இந்தக் காட்சியை விட்டுவிட்டு யானையிலிருந்து பாடைக்குத் தாவுவது, உண்மைக்கு மட்டுமல்ல, நாடகத்துக்கே நஷ்டம் என்று வாதிட்டேன். இயக்குநர் அதை ஏற்றுக்கொண்டார். அதன் பிறகு இறந்த தேதியில் ஒரு கேள்வி வந்தது. நினைவு நாளாக நாம் கடைப்பிடிப்பது செப்டம்பர் 11. உயிர் பிரிந்ததோ நள்ளிரவு தாண்டி, ஆகவே மாநகராட்சிப் பதிவில் இருப்பது 12. திரையில் பதிவேட்டின் தேதியையே காட்டுவதென்று முடிவாயிற்று.

ஆவணம் இல்லாத இடங்களில் நினைவுக்குறிப்புகளைத்தான் நம்ப வேண்டியிருக்கிறது. செல்லம்மா பாரதியும் வ.ரா.வும் யதுகிரி அம்மாளும் எழுதியவை இல்லையென்றால் புதுச்சேரி வீட்டின் உட்புறம் நமக்குத் தெரிந்தே இருக்காது. ஆனாலும் மனைவி கண்டது வேறு, இளைஞர் ஒருவர் கண்டது வேறு, அந்த வீட்டில் விளையாடித் திரிந்த சிறுமி கண்டது வேறு. பல ஆண்டுகள் கழித்து எழுதப்பட்டவை என்பதையும் மறக்கக் கூடாது. அதனால் ஒவ்வொரு காட்சியின் ஓரத்திலும் இது ஆவணம், இது நினைவு, இது நம் கற்பனை என்று பென்சிலில் குறித்துத் தருகிறேன். வசனகர்த்தாவுக்கு இது தொந்தரவாகத் தெரிந்தாலும், எங்கே தாராளமாக எழுதலாம், எங்கே கைவைக்கக் கூடாது என்று தெரிந்தபின் அவர் எழுத்து துணிச்சலாகவே வருகிறது.

மிகக் கடினமான விவாதம் 1918ஆம் ஆண்டைப் பற்றியது. பத்தாண்டுப் புதுச்சேரி வாழ்வுக்குப் பிறகு பிரிட்டிஷ் எல்லைக்குள் காலடி வைத்ததும் கைதாகி, கடலூர்ச் சிறையிலிருந்து ஆளுநர் பென்ட்லண்டுக்கு, அரசியலைத் துறந்துவிட்டதாகப் பாரதி விண்ணப்பம் எழுதினார். அச்சமில்லை என்று பாடியவரின் கையெழுத்து இதில் இருப்பதைக் காட்டினால் பார்வையாளர்கள் முகம் சுளிப்பார்கள் என்றார் தயாரிப்பாளர். எனக்கோ, வறுமையிலும் தனிமையிலும் பத்தாண்டு தாக்குப்பிடித்த ஒருவர், குடும்பத்தை நினைத்து அந்தக் காகிதத்தின் முன் உட்கார்ந்த நேரத்தைக் காட்டாமல் அவர் துணிச்சலின் விலை என்ன என்று சொல்லவே முடியாது என்று படுகிறது. இப்போதைய வடிவத்தில் கைதும் விடுதலையும் இருக்கின்றன. விண்ணப்பம் ஒரு வரி வசனமாகக் குறுகியிருக்கிறது. நடிகரின் குரலில் அது முழுவதுமாக ஒலிக்க வேண்டும் என்று ஒவ்வொரு திருத்தத்தின்போதும் கேட்டுவருகிறேன்.