எத்தனை மில்லி? – கோபி மருந்துக்கடைக் குறிப்புகள்

2025 ஜூன் 9, திங்கள்

பள்ளிக்கூடம் திறந்ததும் காது வலி, தொண்டை வலிச் சீட்டுகள் வர ஆரம்பித்துவிட்டன. கவுண்டரில் அதிகம் கேட்கும் கேள்வி இதுதான்: "ஏனுங்க, போன தடவை 5 மில்லி குடுத்தமுங்க, இப்பவும் அதேதானுங்களா?"

பாட்டிலைப் பார்க்காமல் இதற்குப் பதில் சொல்லக்கூடாது. கிருமியைக் கொல்லும் ஆன்டிபயாடிக்கான அமாக்சிசிலின் சிரப் 5 மில்லியில் 125 மில்லிகிராம் என்றும் வருகிறது, 250 என்றும் வருகிறது. 12 கிலோ குழந்தைக்கு டாக்டர் ஒரு நாளைக்குக் கிலோவுக்கு 45 மில்லிகிராம் எழுதினால் மொத்தம் 540, இரண்டு வேளையாகப் பிரித்தால் வேளைக்கு 270. அது 250 பாட்டிலில் 5.4 மில்லி, 125 பாட்டிலில் 10.8 மில்லி. பாட்டில் மாறினால் மருந்து பாதியாகும், இல்லையென்றால் இரட்டிப்பாகும்.

அதே எடையுள்ள இன்னொரு குழந்தைக்குக் காதில் சீழ் என்றால் கிலோவுக்கு 80 முதல் 90 வரைகூட எழுதுவார்கள். அதனால் பக்கத்து வீட்டு அளவு உதவாது. வயசை வைத்து ஊகிக்கவும் வேண்டாம். எடை தெரியாவிட்டால் அங்கன்வாடியில் நிறுத்துப் பார்க்கலாம்.

ஜூன் 11, புதன்

இந்தச் சிரப் பாட்டிலில் பவுடராகத்தான் வரும். அதைக் கரைப்பதில்தான் பாதிக் கோளாறு. முதலில் பாட்டிலைத் தட்டி, அடியில் கட்டியாய் ஒட்டியிருக்கும் பவுடரை உதிர்க்க வேண்டும். கொதிக்க வைத்து நன்றாக ஆறிய தண்ணீரைப் பாட்டிலில் போட்டிருக்கும் கோட்டுக்குக் கீழேயே நிறுத்தி ஊற்றிக் குலுக்க வேண்டும். நுரை அடங்கும்வரை பொறுத்து, மறுபடி கோடுவரை ஊற்றிக் குலுக்க வேண்டும். நுரையை மட்டமென்று நினைத்து நிறுத்தினால் தண்ணீர் குறைந்து மருந்து கெட்டியாகிவிடும். 30 மில்லி பாட்டில்தானே என்று 30 மில்லி தண்ணீரை அளந்து ஊற்றுவதும் தப்பு. பவுடரும் இடம் பிடிப்பதால் மட்டம் கோட்டைத் தாண்டி, மருந்து நீர்த்துப் போகும்.

ஒவ்வொரு வேளையும் குலுக்கியாக வேண்டும். இல்லையென்றால் முதல் நாட்களில் வெறும் தண்ணீரும், கடைசியில் அடியில் தங்கிய மொத்த மருந்தும் குழந்தைக்குப் போகும்.

மேலே சொன்ன 5.4 மில்லிக் கணக்கில் 5 நாளைக்கு 54 மில்லி, அதாவது இரண்டு பாட்டில். இரண்டையும் ஒன்றாகக் கரைக்க வேண்டாம். முதலாவது தீர்ந்த பிறகு அடுத்ததைக் கரைத்தால் போதும். கரைத்த தேதியை லேபிளில் எழுதுங்கள். எத்தனை நாளுக்குள் முடிக்க வேண்டும் என்பது அட்டையிலேயே இருக்கும், பெரும்பாலும் 7 நாள்.

ஜூன் 14, சனி

கிளாவுலனேட் என்பது அமாக்சிசிலினைக் கிருமி முறிக்காமல் காக்கும் துணை மருந்து. அது சேர்ந்த அமாக்சிசிலின் பாட்டிலில் 5 மில்லிக்கு 228.5, 457 மில்லிகிராம் என்று எண் இருக்கும். அது இரண்டு மருந்தின் கூட்டுத்தொகை. அளவைக் கணக்கிடுவது அமாக்சிசிலின் பங்கை வைத்துத்தான்: 228.5-இல் 200, 457-இல் 400. மொத்த எண்ணை வைத்துப் போட்டால் மருந்து குறைந்துபோகும். கிளாவுலனேட் கூடினால் வயிற்றுப்போக்கு வரும். கரைத்த பிறகு இதை ஃபிரிட்ஜில் வைக்க வேண்டும், ஃப்ரீசரில் அல்ல. ஃபிரிட்ஜ் இல்லாத வீடென்றால் டாக்டரிடம் முதலிலேயே சொல்லிவிடுங்கள்.

வீட்டு ஸ்பூன் வேண்டவே வேண்டாம், ஒவ்வொன்றும் ஒரு அளவு. பாலாடையிலும் அளவு தெரியாது. ஊசியில்லாத 5 மில்லி சிரிஞ்சில் இழுத்து, கன்னத்தின் உட்புறமாகக் கொஞ்சம் கொஞ்சமாக விடுங்கள். நாக்கின் நடுவில் பீய்ச்சினால் புரையேறும். பால்புட்டி முழுவதிலும் கலக்கவும் கூடாது. குழந்தை பாதிப் பாலை வைத்துவிட்டால் எவ்வளவு மருந்து உள்ளே போனதென்று யாருக்குத் தெரியும்?

ஜூன் 18, புதன்

இன்னொரு ஆன்டிபயாடிக்கான அசித்ரோமைசின் பெரும்பாலும் கிலோவுக்கு 10 மில்லிகிராம், தினம் ஒரு வேளை, 3 நாள். 5 மில்லியில் 200 உள்ள பாட்டிலில் 12 கிலோவுக்கு 3 மில்லி. 15 மில்லி பாட்டிலில் 6 மில்லி மிஞ்சும். அடுத்த காய்ச்சலுக்கு என்று அதை எடுத்து வைப்பதுதான் எங்களுக்குப் பெரிய கவலை. வைரஸ் சளிக்கு அது வேலையே செய்யாது. டைபாய்டுக்கு அளவே வேறு.

குடித்த அரை மணிக்குள் மொத்தமாக வாந்தி எடுத்தால் அதே அளவை ஒரு முறை திரும்பக் கொடுக்கலாம். ஒரு வேளை மறந்துபோனால் ஞாபகம் வந்ததும் கொடுங்கள், இரண்டு வேளை மருந்தைச் சேர்த்துக் கொடுக்காதீர்கள். ஸ்ட்ரெப் கிருமியால் வந்த தொண்டைப் புண்ணுக்கு 10 நாள் அமாக்சிசிலின் எழுதினால், மூன்றாம் நாளே காய்ச்சல் விட்டாலும் 10 நாளும் கொடுக்க வேண்டும். அது பின்னால் வரக்கூடிய வாதக் காய்ச்சலிலிருந்து இதயத்தைக் காப்பதற்காக.

மூன்று மாதத்துக்கு உட்பட்ட குழந்தைக்குக் காய்ச்சல் என்றால் கடையில் சிரப் கேட்காதீர்கள், நேராக ஆஸ்பத்திரிக்குப் போங்கள். மருந்து கொடுத்ததும் உதடு, முகம் வீங்கினாலோ, மூச்சு இழுத்தாலோ அடுத்த வேளை கொடுக்காமல் 108-ஐக் கூப்பிடுங்கள். சளி, இருமல் உள்ள குழந்தை என்றால், அது அழாமல் இருக்கும்போது ஒரு நிமிடம் முழுக்க மூச்சை எண்ணிப் பாருங்கள். 2 மாதம் முதல் ஒரு வயசுக்குள் 50-ம் அதற்கு மேலும், ஒன்று முதல் ஐந்து வயசுவரை 40-ம் அதற்கு மேலும் இருந்தால் அன்றே டாக்டரிடம் காட்ட வேண்டும்.