ஏ-யா, ஆனா?

போன வருஷம் எங்கள் அபார்ட்மென்ட் பிள்ளையார் சதுர்த்திக்கு, குழந்தைகளுக்கு ஆங்கிலப் போட்டி நடத்தும் பொறுப்பு என் தலையில் விழுந்தது. என் அப்பா ஆங்கில வாத்தியாராக இருந்து ஓய்வு பெற்றவர் என்பது மட்டும்தான் காரணம். வாத்தியார் பிள்ளைக்கு இலக்கணம் ரத்தத்திலேயே ஓடும் என்று பெங்களூரில் ஒரு நம்பிக்கை இருக்கிறது. எனக்கு ஓடுவது சர்க்கரைதான்.

மொத்தம் இருபது கேள்வி. கோடிட்ட இடத்தில் ‘ஏ’ அல்லது ‘ஆன்’ போட வேண்டும். ஆப்பிள், அம்ப்ரெல்லா, எலிஃபென்ட் என்று சாதுவாக ஆரம்பித்து, பதினைந்துக்கு மேல் கொஞ்சம் கண்ணி வைத்தேன். யுனிவர்சிட்டியை எழுதும்போது முதலில் வருவது உயிரெழுத்து. ஆனால் வாயில் வருவது ‘யு’, அதனால் ‘ஏ யுனிவர்சிட்டி’. ஒரு மணி நேரம் என்பதற்கு ஆங்கிலத்தில் எழுதும் ‘அவர்’ தலைகீழ் கேஸ். எச் எழுத்து முன்னால் உட்கார்ந்திருக்கும், வாயில் வரவே வராது. எனவே ‘ஆன் அவர்’. எழுத்தைப் பார்க்காதே, ஒலியைக் கேள் என்று அப்பா அந்தக் காலத்தில் காதைத் திருகிச் சொல்லிக் கொடுத்த விதி. யார் வாயிலிருந்து வரும் ஒலி என்று அவரும் சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை.

பதினெட்டாவது கேள்வியில் வந்தது வினை. ‘ஹிஸ் ஃபாதர் இஸ் டேஷ் எச்.ஏ.எல். இன்ஜினியர்.’ 1940-இல் பெங்களூரில் தொடங்கிய அந்த விமானத் தொழிற்சாலையில் வேலை பார்த்து ஓய்வு பெற்ற பெரியவர் ஒருவர்தான் பரிசுகளுக்குப் பணம் கொடுத்திருந்தார். அவரைக் கொஞ்சம் குளிர வைக்கலாமே என்று நினைத்தேன்.

பக்கத்து வீட்டு வங்காளத்துப் பையன் ‘ஆன்’ போட்டு இருபதுக்கு இருபது வாங்கினான். நான்காவது மாடித் தெலுங்குப் பெண் ‘ஏ’ போட்டுப் பத்தொன்பது. பேப்பரைக் கொடுத்து ஐந்து நிமிஷம்கூட ஆகவில்லை, அவள் அம்மா ஹாலுக்குள் வந்துவிட்டார்.

“சார், ஹெச்.ஏ.எல். ஹ-வில்தானே ஆரம்பிக்குது? அப்புறம் எப்படி ஆன் வரும்?”

“மேடம், அது எச்.”

“எங்க ஊர்ல ஹெச்.”

‘ஆங்கிலம் உங்கள் ஊர் மொழி இல்லையே’ என்பது நாக்கு நுனி வரை வந்தது. என் ஊர் மொழியும் இல்லை என்பது அந்த நேரம் பார்த்து ஞாபகம் வர, மூடிக்கொண்டேன். நம் பத்திரிகைகளே ஒரு பக்கத்தில் எச்.ஐ.வி. என்றும் அடுத்த பக்கத்தில் ஹெச்.ஐ.வி. என்றும் போடுகின்றன. நான் எந்த முகத்தோடு தீர்ப்புச் சொல்வது?

இதற்குள் பையனின் அப்பா, எங்கள் தளத்து தாதா (வங்காளத்தில் அண்ணன்), சண்டை வாசனை பிடித்து வந்து சேர்ந்தார். வங்காளத்தில் அந்த எழுத்தை ‘எய்ச்’ என்றுதான் எழுதுவார்கள், சொல்வார்கள். மனிதருக்கு ஒரே உற்சாகம்.

“பெரி சிம்பிள். எய்ச்! இங்கிலாந்தில் எய்ச். ஓயெஸ்ட்டில் எல்லா இடத்திலும் எய்ச்.”

“ஓயெஸ்ட்டா?” என்றார் தெலுங்கு அம்மா. “அப்போ உங்க வீட்டில் ‘ஆன் ஓயெஸ்ட் இண்டியன் பிளேயர்’னு சொல்வீங்களா?”

தாதா வாயைத் திறந்தார். உள்ளுக்குள் ஒருமுறை சொல்லிப் பார்த்திருப்பார் போல. மூடிக்கொண்டார்.

சமாதானத்துக்கு வந்தவர் தரைத்தள மாமா, கிழக்கு உத்தரப் பிரதேசத்துக்காரர். யாரையும் நோகடிக்கத் தெரியாதவர். “அட விடுங்க, இஸ்கூலில் எப்படிச் சொல்லித் தர்றாங்களோ அதுதான் சரி” என்றார். நியாயமான பேச்சு. ஆனால் மார்க் போன அந்தப் பத்து வயதுப் பெண் அவரையே உற்றுப் பார்த்துக்கொண்டு நின்றாள்.

“அங்கிள், நீங்க ‘ஆன் இஸ்கூல்’னு சொல்வீங்களா?”

அவர் கோபப்படவில்லை. சுவரைப் பார்த்துக்கொண்டு ‘ஏ இஸ்கூல், ஆன் இஸ்கூல்’ என்று இரண்டு முறை முணுமுணுத்தார். “ஆமா பேட்டா, ஆன்தான் நல்லா ஒட்டுது” என்று சொல்லிவிட்டு, தானே முதலில் சிரித்தார்.

கன்னடக்காரச் செயலாளர் போனை எடுத்து நியூ ஜெர்சியில் இருக்கும் தம்பியைக் கேட்டார். அவன் நடுராத்திரியில் எழுந்து சொன்ன தகவல் இன்னும் மோசம். மூலிகைக்கு ஆங்கிலேயர்கள் ‘ஏ ஹெர்ப்’ என்பார்களாம், அமெரிக்கர்கள் ஹ-வை விழுங்கிவிட்டு ‘ஆன் எர்ப்’ என்பார்களாம். இரண்டும் அவரவர் ஊரில் சரி. வட அயர்லாந்தில் கதையே வேறு. அங்கே எய்ச் என்றால் பெரும்பாலும் புராட்டஸ்டன்ட், ஹெய்ச் என்றால் பெரும்பாலும் கத்தோலிக்கர். ஒற்றை எழுத்தைச் சொல்லச் சொன்னாலே எந்தச் சர்ச்சுக்குப் போகிறவர் என்று கணித்துவிடுவார்கள். நாங்கள் ஒரு பென்சில் பாக்ஸுக்கு மட்டும்தான் அடித்துக்கொண்டிருந்தோம்.

எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். அம்பயர் நான்தானே. (இந்த அம்பயர் என்ற சொல்லே ஏ-ஆன் தகராறில் அடிபட்டதுதான். பிரெஞ்சிலிருந்து வந்த புதிதில் அது ந-வில் தொடங்கியது, ‘நம்பயர்’ மாதிரி. இரண்டு பேரிலும் சேராத ஆள் என்று பொருள். ‘ஏ நம்பயர்’ என்று வேகவேகமாகச் சொல்லி, அந்த ‘ந்’ முன்னால் போய் ஒட்டிக்கொண்டு ‘ஆன் அம்பயர்’ ஆகிவிட்டது. ஏப்ரனும் அப்படியே, அது ஒரு காலத்தில் நேப்ரன். நேப்கினுக்கு உறவுக்காரன்.)

தொண்டையைச் செருமிக்கொண்டு ஆரம்பித்தேன். “பாருங்க, எல்லாம் ஒலிதான். உதாரணத்துக்கு எம் மெய்யெழுத்து. ஆனா சொல்லும்போது முன்னாடி உயிர் ஒலி வருது. அதனாலதான் ‘ஆன் யெம்மெல்லே’.”

“அப்பா.” என் மகள்தான். வேறு யாராக இருக்கும்? “நீங்க யெம்மெல்லேன்னு சொல்றீங்க. அப்போ ‘ஏ’தானே வரணும்?”

ஹால் முழுக்கச் சிரிப்பு. தாதாவுக்குக் கண்ணில் தண்ணீரே வந்துவிட்டது. நான் மறுபடி மெதுவாகச் சொல்லிப் பார்த்தேன். யெம். யெல். முட்டையைச் சொன்னேன், யெக். நாம் எட்டு என்று எழுதிவிட்டு யெட்டு என்கிறோம், ஒன்று என்று எழுதிவிட்டு வொண்ணு என்கிறோம். அந்த நாக்கை வைத்துக்கொண்டு நாற்பது வருஷமாக ‘ஆன் யெக்’ என்று சொல்லி வந்திருக்கிறேன். காதால் கேட்டதே இல்லை, கண்ணால் மனப்பாடம் செய்தது.

ஓரமாக நாற்காலியில் உட்கார்ந்து சுண்டல் தின்றுகொண்டிருந்த அப்பா அப்போதுதான் நிமிர்ந்தார்.

“டேய், ஓர் யானையா, ஒரு யானையா?”

“ஒரு யானை. யா உயிர்மெய். உயிரெழுத்து வந்தாத்தான் ஓர்.”

“உங்க பாட்டி யானையை என்னன்னு சொல்லுவா?”

“ஆனை.”

“அப்போ?”

“...ஓர் ஆனை.”

“அவ்வளவுதான். அந்தப் பொண்ணுக்கும் மார்க் போடு. சுண்டல் இன்னும் இருக்கா பாரு.”

இரண்டாவது பென்சில் பாக்ஸ் என் செலவில் வாங்கினேன், 240 ரூபாய். பரிசு கொடுக்க மேடைக்கு வந்த பெரியவரிடம், “சார், நீங்க முப்பது வருஷம் வேலை பார்த்த இடம். எச்.ஏ.எல்.லா, ஹெச்.ஏ.எல்.லா?” என்று ஆசையாகக் கேட்டேன். அவர் யோசித்தார். “நாங்க ஃபேக்டரின்னுதான் சொல்வோம்” என்றார்.

அன்று இரவே செயலாளர் தனியாகக் கூப்பிட்டு ஒரு முடிவைச் சொன்னார். இனி நோட்டீஸ் போர்டில் ஏ-யும் கிடையாது, ஆனும் கிடையாது, எங்கும் ‘ஒன்’ என்றே போடப் போகிறாராம். சொன்னால் நம்புங்கள், விஷயம் தெரியாமலே அவர் சரியான இடத்துக்குப் போய்ச் சேர்ந்திருந்தார். பழைய ஆங்கிலத்தில் ஒன்று என்ற எண்தான் தேய்ந்து ‘ஆன்’ ஆனது, இன்னும் தேய்ந்து ‘ஏ’ ஆனது. நம் ஒரு, ஓர் கதையும் அதே ஒன்றிலிருந்துதானே.

மறுநாள் போர்டில் முதல் நோட்டீஸ்: ‘டுமாரோ ஒன் அவர் பவர் கட்.’ இதற்கு யார் என்ன சொல்ல முடியும் என்று நிம்மதியாக வீட்டுக்கு வந்தேன்.

மகள் ஹோம்வொர்க் நோட்டிலிருந்து தலையைத் தூக்கினாள். “அப்பா, ‘ஒன் அவர் பவர் கட்’டுக்கு முன்னாடி ஏ வருமா, ஆன் வருமா?”

பதில் எனக்குத் தெரியும். ஆனால் தாதா வீட்டு ஜன்னல் திறந்திருந்தது.